மாடியில் வகுப்பு, கையில் 38 விழுக்காட்டுச் சான்று: கல்லூரி கைவிரிக்க முடியுமா?

கேள்வி: நான் ஆற்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் வேலூரில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கையும் வலது காலும் பலவீனம். 2018-இல் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழில் 38 விழுக்காடு என்று இருக்கிறது. இந்த ஆண்டு வகுப்பை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், லிப்ட் கிடையாது. சென்ற பருவத் தேர்வில் மூன்று மணி நேரம் எழுத முடியாமல் இரண்டு தாளில் அரியர் விழுந்துவிட்டது. தேர்வெழுத ஆள் கேட்டோம். 40 விழுக்காடு இல்லாததால் தர முடியாது என்றார்கள். சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்று இருப்பதால் இராணிப்பேட்டையில் புதிதாக வாங்கி வரவும் சொன்னார்கள். வகுப்பைப் பற்றிக் கேட்டால், லிப்டுக்கு நிதி வரட்டும் என்கிறார்கள். எல்லாமே வாய்வார்த்தைதான். பேசாமல் தபால் வழியில் சேர்த்துவிடலாமா?

பதில்: தங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை மிகவும் வருத்தியது. தபால் வழிக்கு மாற்ற வேண்டாம். தங்கள் மகளுக்கு அந்தக் கல்லூரியில் இருக்கும் இடம் அவர் மதிப்பெண்ணால் பெற்றது. அதைக் காக்கும் சட்டமும் இருக்கிறது.

கல்லூரி இரண்டு வெவ்வேறு கடமைகளை ஒன்றாக்கிப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி அமைக்க வேண்டும் என்கிறது. சாய்தளம், கைப்பிடி, லிப்ட் போன்றவை இதில் அடங்கும். இதற்குப் பணமும் காலமும் தேவைப்படும் என்பதை அறிந்துதான் 45-ஆம் பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஆகவே அந்த அவகாசம் 2022-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் லிப்ட் வரும்வரை தங்கள் மகள் காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு மாணவர் மற்றவர்களோடு சமமாகப் படிக்க, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை விழாத வகையில் செய்து தரவேண்டிய மாற்றத்தை அதே சட்டம் தனிக் கடமையாக வைத்திருக்கிறது. அதை ‘நியாயமான ஏற்பாடு’ என்று சொல்லலாம். அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களுக்கும் 16-ஆம் பிரிவு இக்கடமையை விதிக்கிறது. இதை மறுப்பதே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவின் வரையறை கூறுகிறது. இரண்டாம் மாடி வகுப்பைத் தரைத்தளத்து அறை ஒன்றுக்கு மாற்ற வேண்டுமானால் கால அட்டவணையைத் திருத்தினால் போதும். ஒரு ரூபாய்கூடச் செலவாகாத அந்த வேலையை நிதி இல்லை என்ற காரணத்தால் தள்ளிப்போட முடியாது.

இனி அந்த 40 விழுக்காட்டுக்கு வருவோம். இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு அந்த வரம்பு உண்டு என்பது உண்மை. எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்டபோதும் இதே காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார்கள். விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்ற அந்த வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான ஏற்பாட்டுக்கு 40 விழுக்காட்டு வரம்பைப் பொருத்துவது சட்டத்துக்கு முரணானது என்று தெளிவாகக் கூறிவிட்டது. அதைத் தொடர்ந்து 40-க்குக் குறைவாக இருந்தும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்றே ஒன்றிய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம், கூடுதலாகக் கேட்கலாம். இதற்கு, கையால் எழுதுவதில் எவ்வளவு தடை உள்ளது என்று அரசு மருத்துவக் குழு தரும் சான்று வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்காக விண்ணப்பியுங்கள். தேர்வு நெருங்கும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாவட்டப் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். இராணிப்பேட்டை தனி மாவட்டமானது 2019-இல்தான். அதற்கு முன் வேலூர் மாவட்டத்தில் வழங்கிய சான்று, சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி நாடு முழுவதும் செல்லும். பக்கத்து மாவட்டத்தில் செல்லாது என்று சொல்வதற்கு இடமே இல்லை.

வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகவே மறுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் எந்த நீதிமன்றத்திலும் காட்ட ஒரு தாள்கூடத் தங்களிடம் இல்லை. ஆகவே முதலில், தங்கள் மகள் தம் பெயரில் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதட்டும். தரைத்தள வகுப்பறை, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய மூன்றையும் கேட்டு, 16-ஆம் பிரிவையும் மேற்படி தீர்ப்பையும் குறிப்பிட்டு, சான்றிதழின் நகலை இணைத்து, மாடி ஏற முடியாமல் வகுப்புக்கு வராத நாட்களையும் தேதியுடன் எழுதட்டும். வருகைப்பதிவு குறைந்ததாக நாளை ஒரு பேச்சு வந்தால் அது உதவும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தேர்வு குறித்த கோரிக்கையின் ஒரு நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் போக வேண்டும்.

பல இடங்களில் இந்த மனுவே போதுமானதாகிவிடும். போதவில்லை என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவை நாடலாம். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். ஆனால் நான் அதிகம் நம்புவது சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரையே. அழைப்பாணை அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு; அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையைக் கல்லூரி மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். தேர்வு அதற்குள் வந்துவிடும் என்றால், உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது. அதற்கு வேலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், சான்றிதழுடனும் கல்லூரிக்குக் கொடுத்த மனுவின் நகலுடனும் தங்கள் மகளே விண்ணப்பிக்கலாம்.