குத்துக்கல் சூரியனைக் குறிபார்க்கிறதா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் 4,000 வருஷத்துக் குத்துக்கற்கள் சூரியன் மறையும் இடத்தைக் குறிபார்த்து நிற்கின்றனவாமே, இதை எப்படி அளக்கிறார்கள்? செல்போன் திசைகாட்டி போதாதா?

பதில்: போதாது. காந்த வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு. பக்கத்தில் ஒரு கார் நின்றாலே முள் தள்ளிப்போகும். இதைப் பெரிய அளவில் செய்த அலெக்சாண்டர் தாம் (Thom), ஆக்ஸ்ஃபோர்டில் பொறியியல் பேராசிரியர், கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை வைத்துத்தான் அளந்தார். ஒளி வடிகட்டி போட்டுச் சூரியனைக் குறிபார்த்து, நேரத்தை நொடி சுத்தமாக எழுதிக்கொண்டால், அப்போது சூரியன் எந்தத் திசையில் இருந்தது என்பது வானியல் கணக்கில் கிடைத்துவிடும். அங்கிருந்து கல்வரிசைக்கு எத்தனை டிகிரி என்று திருப்பிப் பார்த்தால் போதும், திசை தெரிந்துவிடும். அப்புறம் எதிரே தெரியும் மலையின் உயரத்தையும் அளக்க வேண்டும். அந்த ஊரில் சூரியன் ரொம்பச் சரிவாக இறங்குவதால், ஜூன் 21 வாக்கில் அடிவானம் ஒரு டிகிரி உயர்ந்தால் மறையும் இடம் சுமார் இரண்டு டிகிரி விலகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: அன்றும் இன்றும் அதே சூரியன்தானே?

பதில்: சூரியன் அதேதான், பூமியின் சாய்வு மாறிவிட்டது. அன்று சுமார் 23.9 டிகிரி, இன்று 23.4. அரை டிகிரிதானே என்று விடமுடியாது, அந்த ஊர் அடிவானத்தில் அது ஒரு டிகிரியாகிறது, அதாவது சூரியனின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. ஆகவே இந்த வருஷம் எடுத்த போட்டோவில் கல்லும் சூரியனும் கச்சிதமாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: சரி, இந்தக் கற்கள் சூரியனை நுட்பமாகக் குறிபார்க்கின்றன என்று அலெக்சாண்டர் தாம் சொன்னது நிரூபணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. மேற்கு ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்தில் பாலக்ராய் என்ற இடத்தில் மூன்று கற்கள் வரிசையாக நிற்கின்றன. நடுக்கல்லின் தட்டையான முகம் ஜூரா தீவின் மலையை, கோடை நடுவில் சூரியன் மறையும் இடத்தைக் காட்டுகிறது. வரிசையோ காரா தீவை, குளிர்கால நடுவில் மறையும் இடத்தைக் காட்டுகிறது என்றார் தாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையின் நேரே ஒரு கற்பதுக்கை (கற்பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறை) இருக்கிறது, அதன்மேல் ஒரு காலத்தில் பெரிய கற்குவியல் இருந்ததை பழம்பொருள் ஆய்வாளர் எட்வர்ட் லூயிட் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த படம் காட்டுகிறது. அது அன்றே இருந்திருந்தால் தீவை மறைத்திருக்குமே! அதோடு, 5 மீட்டர் இடைவெளியில் ஒரு கல் 10 செ.மீ. நகர்ந்தாலே ஒரு டிகிரிக்கு மேல் தவறு.

அளப்பதைவிட எந்தக் கோட்டை அளப்பது என்பதுதான் வம்பு. கல்லுக்கு நாலு முகம், எதிரே பத்து மலை, ஏதாவது ஒன்று சூரியனுக்கோ சந்திரனுக்கோ பொருந்தத்தான் செய்யும். அதனால் பழங்கால வானியலை ஆராயும் கிளைவ் ரகிள்ஸ் எந்தெந்தக் கோடுகள் என்று விதியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு மேற்கு ஸ்காட்லாந்தில் 300 இடங்களை ஆராய்ந்தார். 1984-ல் வந்த முடிவில் தோராயமான திசை விருப்பங்கள் தெரிந்தன, தாம் சொன்ன நுட்பமான துல்லியம் தெரியவில்லை.