தோளைத் தாழ்த்துகிறவன் யார்?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. அமெரிக்காவில் ஜி லீக் கூடைப்பந்து அணி ஒன்றில் இரண்டாவது வருடமாக இருக்கிறான். அங்கே முதன்மையான என்.பி.ஏ. போட்டிக்கு அடுத்த படி அது. 48 நிமிட ஆட்டத்தில் நான்கைந்து நிமிடம்தான் களத்தில் இறக்குகிறார்கள். சில நாள் அதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் போன் செய்து, "இன்று எத்தனை நிமிடம்?" என்று கேட்பேன். இப்போதெல்லாம் அவன் சரியாகப் பேசுவதில்லை. இந்த வருடம் புதிதாக ஒரு பழக்கம் வேறு. வீட்டுக்கு வந்தபோதும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். எட்டிப் பார்த்தேன். 'வலப்பக்கம் போவதற்கு முன் தோளைத் தாழ்த்துகிறான்' என்று யாரைப் பற்றியோ இருந்தது. படிக்கிற காலத்தில் இப்படி எழுதியிருந்தால் உருப்பட்டிருப்பான். என்.பி.ஏ.வில் ஆடிய ஜெரமி லின்னுக்கு ஒரே இரவில் வாய்ப்பு வந்ததே, இவனுக்கு ஏன் வரவில்லை? உறவினர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டு வா என்று சொல்லிவிடலாமா?

பதில்: ஐயா, இப்படிப்பட்ட தந்தையரின் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. பாட்டு, படிப்பு, விளையாட்டு என்று துறைதான் மாறும். "கவலைப்படாதீர்கள், அவனுக்கும் காலம் வரும்" என்று நான் எழுதப் போவதில்லை. வராமலே போகலாம். ஜி லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் என்.பி.ஏ.வில் நிலைப்பதில்லை.

ஆனால் அந்த நோட்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

தோள் இறங்குவதைக் கண்டுகொண்டவன், எதிராளி பாய்வதற்குள் காலை நகர்த்தி வழியை அடைத்துவிடுவான். காணாதவன் பின்னாலேயே ஓடி ஃபவுல் வாங்குவான். மூச்சிரைக்க ஆடிக்கொண்டிருப்பவனுக்கு இதைக் கவனிக்க அவகாசம் குறைவு. பெஞ்சில் இருப்பவனால் முடியும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையைப் பார்க்காமல் இருந்தால். இந்தப் பழக்கம் 'புதிதாக' வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் இல்லாத கண் இந்த வருடம் அவனுக்கு வந்திருக்கிறது. அவன் வளர்ந்தது உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தும் உங்களுக்குத் தெரியவில்லை.

ஜெரமி லின்னை இழுத்திருக்கிறீர்கள். 2012 பிப்ரவரி 4 அன்று என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் அவர் 25 புள்ளிகள் எடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் என்.பி.ஏ.விலிருந்து மூன்று முறை கீழ்ப்படியில் இருந்த ரீனோ அணிக்கு இறக்கப்பட்டவர் அவர். 2011 டிசம்பர் ஒரே மாதத்தில் இரண்டு என்.பி.ஏ. அணிகள் அவரை வேண்டாமென்று விடுவித்தன. அந்த இரவுக்குப் பதினைந்து நாள் முன்புகூட ஈரி அணிக்காக டி லீக்கில் ஆடினார். ஜி லீக்கின் அன்றைய பெயர் அது. இதையா ஒரே இரவு என்கிறீர்கள்?

உங்கள் மகனுக்கு அலெக்ஸ் கரூசோவின் கதைதான் இன்னும் நெருக்கம். 2016இல் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஜி லீக்கில் ஆடி, எதிராளியை மறிப்பதையே தன் தொழிலாக்கிக்கொண்டார். 2020இலும் 2025இலும் என்.பி.ஏ. பட்டம் வென்ற அணிகளில் இருந்தார். புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அவரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றே புரியாது.

உறவினர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையின் உழைப்பை நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் தகப்பன். அந்த உழைப்பு என்னவென்று அவருக்கே தெரியாவிட்டால் யார் சொல்வது? அவன் உங்களிடம் சரியாகப் பேசாததற்கு வேறு காரணம் தேடாதீர்கள். நாள் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு வருகிறவனிடம் ஓர் எண்ணை மட்டும் கேட்டு வாங்குகிறீர்கள். அதுவும் அவன் கையில் இல்லாத, பயிற்சியாளர் தீர்மானிக்கிற எண்.

விட்டுவிட்டு வரச் சொல்வதா? பருவத்தின் நடுவே கூடாது. ஒப்புக்கொண்டதை ஆடி முடிப்பது அவன் கடமை. முடிந்த பிறகு அவனை எதிரே உட்கார வைத்துப் பேசுங்கள். 2024-25 பருவத்துக்கு ஜி லீக் சம்பளம் 43,000 டாலர். இதை வைத்து எத்தனை வருடம் தள்ளுவான், 27 வயதில் என்ன செய்வான் என்று கேளுங்கள். வீட்டுக்கு அந்தப் பதிலைச் சொல்ல அவன் கடமைப்பட்டவன். அதில் அவனுக்குச் சலுகை காட்ட வேண்டாம்.

இன்றிரவு போன் செய்யும்போது நிமிடக் கணக்குக் கேட்காதீர்கள். தோளைத் தாழ்த்துகிறவன் யார், அவனோடு அடுத்த ஆட்டம் எப்போது என்று கேளுங்கள். அவன் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள்.