மண்ணோடு பேசுவோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழத்தோட்டத்தில் வருடக்கணக்கில் இலைக்குத்தான் மருந்து அடிக்கிறோம், மண்ணில் எதுவும் ஊற்றுவதில்லை. ஆனாலும் மண்புழு அற்றுப்போய்விட்டதே, ஏன்?

பதில்: இலையில் அடித்தது இலையோடு மண்ணுக்குத்தானே வருகிறது! மரத்தடிச் சருகை ஒரு கை அள்ளிப் பாருங்கள். போன பருவத்து இலைகள் நரம்பு கெடாமல் அடுக்கடுக்காகப் பாய்போல ஒட்டிக் கிடந்தால், அவற்றை இழுத்துத் தின்ன ஆளில்லை என்று பொருள்.

என்ன பூஞ்சாணக்கொல்லி அடித்தீர்கள் என்று எழுதவில்லை. சந்தேகம் முதலில் இரண்டின் மேல் விழும். ஒன்று, கார்பன்டாசிம், இது மண்புழுவுக்கு நேரடி நஞ்சு. மற்றொன்று, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) போன்ற தாமிர மருந்துகள். தாமிரம் தனிமம் என்பதால் அதை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது. புழு மேயும் மேல்மண்ணிலேயே வருடா வருடம் சேரும். அமில மண்ணில் அதன் கடுமை இன்னும் கூடும். 'இயற்கை வழி' என்ற பெயரில் தாராளமாக அடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மண் ஈரமாக இருக்கும் காலையில் 30 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் ஐந்து குழிகள் எடுத்து, மண்ணைச் சாக்கில் கொட்டிப் புழுக்களை எண்ணுங்கள். மருந்து படாத வேலியோரத்திலும் அப்படியே எண்ணி ஒப்பிடுங்கள். உழவும் புழுவைக் கொல்லும். உழுத இடத்தை உழாத இடத்தோடு ஒப்பிட்டு மருந்தின்மேல் பழி போடாதீர்கள். அடிக்கும்போது இலை நனைந்தால் போதும், சொட்டக் கூடாது. சொட்டுவதெல்லாம் மண்ணுக்குத்தான்.

கேள்வி: மண்ணில் மருந்து ஊற்றிய பத்தாம் நாள் சோதித்ததில் நுண்ணுயிர்களின் சுவாசம் (அவை வெளிவிடும் கரியமில வாயு) கூடியிருந்தது. அப்படியானால் பாதிப்பில்லைதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். செத்த நுண்ணுயிர்களின் உடலே பிழைத்தவற்றுக்கு விருந்து. அதனால் கரியமில வாயு சில நாள் ஏறும், பிறகு இறங்கும். மருந்துக்கு முன் ஒருமுறை, இரண்டு மாதம் கழித்து ஒருமுறை, அதே இடத்தில், அதே ஈரத்தில் சோதித்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கேள்வி: பயறு விதையில் கார்பன்டாசிம், ட்ரைக்கோடெர்மா, ரைசோபியம் மூன்றையும் சேர்த்தே கலந்தேன். வேர் முடிச்சு சரியாக இல்லை.

பதில்: கார்பன்டாசிம் பூஞ்சையைக் கொல்லும், நோய்ப் பூஞ்சையை அடக்க நாம் இடும் ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். காசு கொடுத்து வாங்கியதை நீங்களே கொன்றுவிட்டீர்கள். கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டாசிம், இல்லையென்றால் 4 கிராம் ட்ரைக்கோடெர்மா. இரண்டில் ஒன்றுதான். ரைசோபியம், பயறு வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் பாக்டீரியா. அது உடனே சாகாவிட்டாலும் மருந்துப்பொடியோடு ஒட்டிக் காய்ந்தால் எண்ணிக்கை குறையும். மருந்திட்டு 24 மணி நேரம் கழித்து, ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். மருந்து பூசியே வாங்கிய விதையானால் ஹெக்டேருக்கு 2 கிலோ ரைசோபியத்தை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து வயலில் தூவலாம்.

பூக்கும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டி எடுத்து முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்க்கிறது. வெள்ளையாக இருந்தால் வெறும் கட்டி.

கேள்வி: ஒரே குருணை மருந்து முன்போல் கேட்கவில்லை. போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் கார்போபியூரான் போன்றவற்றை அதே வயலில் திரும்பத் திரும்ப இட்டால், அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி, பூச்சி சாகுமுன்பே மருந்தைச் சிதைத்துவிடும். அளவைக் கூட்டுவது அவற்றுக்குத் தீனி போடுவதுதான். மருந்தின் வகையையும் பயிரையும் மாற்றுங்கள்.