45 வயதில் ஜெஃப்ரி ரஷ் திடீரென்று ஆஸ்கர் வென்றது எப்படி?

திடீரென்று நடந்ததாகத் தோன்றுவது திரையில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்குத்தான். ‘ஷைன்’ படத்துக்காக 1997இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கியபோது, ரஷ்ஷுக்கு இருபத்தைந்து ஆண்டு மேடை அனுபவம் இருந்தது.

1951இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டுவூம்பாவில் பிறந்தவர். பிரிஸ்பேனில் பல்கலைக்கழகப் படிப்பு, பிறகு குயின்ஸ்லாந்து நாடகக் குழு. அடுத்து அவர் போனது பாரிஸுக்கு. ஜாக் லெகோக்கின் நடிப்புப் பள்ளியில் பயிற்சி பெற்றார். வசனத்துக்கு முன் உடல் பேச வேண்டும் என்பது அங்குள்ள பாடம். அவருடைய நடிப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவலே போதும் என்பேன்.

1979இல் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் மெல் கிப்சனுடன் நடித்தார். கிப்சன் ஹாலிவுட்டுக்குப் போனார். ரஷ் மேடையிலேயே இருந்தார். 1989இல் சிட்னியின் பெல்வாய் அரங்கில், நீல் ஆர்ம்ஃபீல்ட் இயக்கத்தில், ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ நாடகம். மெல்ல மெல்ல மனம் சிதறும் ஒரு குமாஸ்தாவின் வேடம். ‘ஷைன்’ படத்தில் பியானோ கலைஞர் டேவிட் ஹெல்ஃப்காட்டாக அவர் காட்டிய படபடப்புக்கும் சொற்பெருக்குக்கும் அந்த மேடைதான் ஒத்திகை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸாக நடித்ததற்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. அயனெஸ்கோவின் ‘மன்னன் விடைபெறுகிறான்’ நாடகத்தை ஆர்ம்ஃபீல்டுடன் சேர்ந்து தாமே மொழிபெயர்த்து, அதிலேயே நடித்து, 2009இல் நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகத்துக்கான டோனி விருதும் வென்றார். மூன்று விருதுகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.