டிஜிலாக்கரில் லைசென்ஸ் காட்டியும் 5,000 ரூபாய் சலான்: பதில்

வாகனச் சோதனையில் டிஜிலாக்கரை (அரசின் மின்னணு ஆவணச் செயலி) திறந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியும் 5,000 ரூபாய்க்குச் சலான், அதாவது அபராதச் சீட்டு, கொடுத்தார்கள் என்கிறீர்கள். இதுவரை பணம் கட்டவில்லை என்றால், தயவுசெய்து கட்டாதீர்கள். அபராதத்தைச் செலுத்திவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி விவகாரம் முடிந்ததாகிவிடும். பிறகு அந்தச் சலானை எதிர்க்க வழியிருக்காது.

அநேகமாக, உரிமமே இல்லாமல் ஓட்டியதற்கான 181ஆவது பிரிவைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள். கேட்டபோது உரிமத்தைக் காட்டாதது வேறு குற்றம். அதற்கு முதல் முறை 500 ரூபாய் வரைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆவது விதி, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டுவதையும் ஏற்கிறது.

சலானில் உள்ள பிரிவு எண்ணை முதலில் பாருங்கள். அடுத்து, டிஜிலாக்கரில் அந்த உரிமம் அரசு வழங்கிய ஆவணங்களின் பட்டியலில் இருக்கிறதா, நீங்களே பதிவேற்றிய படமா என்று பாருங்கள். படமாக இருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும். சலானில் 181ஆவது பிரிவு இருந்து, உரிமமும் அரசு வழங்கிய பட்டியலில் இருந்தால், இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் உரிமத்தின் நகலோடு முறையிடுங்கள். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி நீதிமன்றம்) போயிருந்தால், அங்கே எதிர்த்து வாதிடும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டியிருந்தாலோ, அன்றைக்கு உரிமம் காலாவதியாகியிருந்தாலோ, 181ஆவது பிரிவு பொருந்தக்கூடும். நீதிமன்ற அழைப்பு வந்தால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.