இரசாயனவியல் படித்துவிட்டுப் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தும் மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாது, இனி விஞ்ஞான பீடம் போய் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான். அதே மாதிரி வெட்டுப்புள்ளியில் தவறிப் பேராதனையில் இரசாயனவியல் படித்தவள். பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம். இப்போது 14 வருடமாகப் புற்றுநோய்க்கான மருந்து மூலக்கூறுகளைச் செய்வதுதான் என் வேலை.

அது என்ன வேலை என்பதை நம் ஊர்ப் பூவை வைத்தே சொல்கிறேன். உப்புவெளியில் எங்கள் வேலியோரம் வெறும் மணலில் பட்டிப்பூ (நித்தியகல்யாணி) முளைத்து நிற்கும். 1952இல் இதே செடியின் இலைகள் ஜமேக்காவில் இருந்து ஒரு கடித உறையில் கனடாவுக்குப் போயின. ஜமேக்காவில் நீரிழிவுக்கு இதை அவித்துக் குடிப்பார்களாம். கனடாவில் ரொபேர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளில் சோதித்துப் பார்த்தார். சீனி இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் இறங்கின. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுகிற இரத்தப் புற்றுநோயான லியூக்கேமியாவுக்கு இது உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. அவரும் இரசாயனவியலாளரான சார்ள்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் வெளியே தெரிந்தது. அதே செடியில் இருந்து வின்கிறிஸ்டினும் வந்தது, 1963இல் மருந்தாகவும் ஆனது. (தயவுசெய்து யாரும் இலையை அவித்துக் குடிக்க வேண்டாம். இது நஞ்சு. மருந்தாக இரத்த நாளத்தில் மட்டும், அளந்துதான் ஏற்றுவார்கள்.)

இந்த இரண்டு மருந்துகளின் மூலக்கூறுகளையும் கடதாசியில் வரைந்து பாருங்கள். இரண்டிலும் 46 காபன். வித்தியாசம் ஒரே ஒரு நைதரசனில்தான்: வின்பிளாஸ்டினில் அதோடு மெதயில் கூட்டம், வின்கிறிஸ்டினில் போமயில் கூட்டம். இரண்டு ஐதரசன் போய் ஓர் ஒட்சிசன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வின்பிளாஸ்டின் கூடினால் முதலில் அடிபடுவது எலும்பு மச்சை, வின்கிறிஸ்டின் கூடினால் நரம்புகள். குழந்தைகளின் லியூக்கேமியாவுக்குக் கொடுப்பது வின்கிறிஸ்டின். செடி தானாகச் செய்த இந்த மாதிரி மாற்றங்களை நாங்கள் தெரிந்தே செய்து பார்க்கிறோம்.

எங்களிடம் ஒரு சேர்வை இருந்தது. தட்டில் வளர்த்த புற்றுக் கலங்களை நன்றாகக் கொன்றது. எலிக்குக் கொடுத்தால் அரை மணிக்குள் இரத்தத்தில் அதைக் காணோம். ஈரல் அதன் வளையத்தின் ஒரு மூலையில் ஒட்சிசனை ஏற்றி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் இருந்த ஐதரசனை எடுத்துவிட்டுப் புளோரினை வைத்தோம். சொல்ல ஒரு வரி, செய்ய எனக்கு 4 மாதம். செய்ததைப் பிரித்துத் தூய்மையாக்க, சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கலவையை ஊற்றி, கீழே சொட்டுச் சொட்டாக வருவதைச் சோதனைக்குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டைத் தட்டில் வைத்துக் கழியூதா விளக்கில் பார்க்க வேண்டும். கடைசியில் குடுவையின் அடியில் ஒட்டியிருந்தது 11 மில்லிகிராம் வெள்ளைத் தூள். அது எலியின் இரத்தத்தில் ஆறு மணி நேரம் நின்றது! அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

பிறகு அது இதயத் துடிப்பைக் குழப்புகிறது என்று தெரிந்து கைவிட்டோம். எனக்கு அழுகையே வந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, நான் செய்த சேர்வை எதுவும் இன்னும் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. ஆனாலும் வேறு வேலைக்குப் போக எனக்கு மனமில்லை. அடுத்த சேர்வையை வரையும்போது எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது அந்தத் தோல்வியால்தான் தெரிந்தது.

சரி, படிப்பு. சேதன இரசாயனத்தை மனப்பாடம் செய்யாமல், இலத்திரன் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் வரைந்து படியுங்கள். ஒரு மூலக்கூறில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். வரைபடத்தை வாசிக்க இரண்டாம் வருடத்திலேயே பழகுங்கள். உங்கள் உயிரியல் வீண்போகாது. ஈரல் என்ன செய்கிறது என்பதை நான் பிந்தித்தான் படிக்க வேண்டியிருந்தது, உங்களுக்கு அது முதலிலேயே கையில் இருக்கிறது.