காவடிக்கு எந்த லென்ஸ்? ரேஞ்ச்ஃபைண்டர் கேள்வி பதில்

தைப்பூசம் நெருங்குகிறது. இங்கே மொரீஷியஸில் லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்ல, ஃபைண்டர் என்ற தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்வது) வைத்திருப்பவர்கள், வேகமான, அதாவது எஃப் எண் சிறிதாகி நிறைய வெளிச்சம் விடும் வைட் லென்ஸ் எதை வாங்கலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மாட்டும் எம் மவுண்ட் லென்ஸ்கள் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கே (காத்ர் போர்ன்): அண்ணா, விடியுமுன் ஆற்றங்கரையில் காவடி கட்டுவதிலிருந்து கோர் தெ கார்த் மலைக்கோயில் வரை எடுக்கணும். 35 எம்எம் எஃப் 1.4-ஆ, 28 எஃப் 2-ஆ?

ப: 28 எஃப் 2, தம்பி. ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் குறையும். ஆனால் இரண்டு மீட்டரில் நிற்பவரை 35-ல் 1.4 வைத்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 27 சென்டிமீட்டர்தான். 28-ல் எஃப் 2 என்றால் 60 சென்டிமீட்டருக்கு மேல். கன்னத்தில் குத்திய வேலும் கண்ணும் தோளில் இருக்கும் காவடியும் சேர்ந்து விழணும் இல்லையா? அவர் ஒரே இடத்தில் நிற்கவும் மாட்டார். ஆடிக்கொண்டு வருபவருக்கு 1/125 ஷட்டராவது வேண்டும். இருட்டில் அதற்கு எஃப் 1.4-உம் போதாது, 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை 1600-க்குப் புஷ் செய்யத்தான் (1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் டெவலப் செய்யத்தான்) வேண்டும். எப்படியும் புஷ் செய்யப்போகிறீர்கள் என்றால் எஃப் 2 போதும். வோய்க்லாண்டர் அல்ட்ரான் 28 பாருங்கள். கையில் பணம் இருந்தால் லைக்கா சம்மிக்ரான் 28.

கே (ரோஸ் ஹில்): நான் கண்ணாடி போடுபவள். 28 சரிவருமா?

ப: 0.72 மடங்கு அளவில் காட்டும் ஃபைண்டரில், படத்தின் எல்லையைக் காட்டும் 28-இன் பிரேம் கோடுகள் கண்ணாடியோடு முழுதாகத் தெரியாது. நீங்கள் 35 எஃப் 2 வாங்குங்கள், ஸைஸ் பயோகான் நல்லது. உங்களுடையது பழைய எம்3 மாடல் என்றால் அதில் 35-க்கே கோடு கிடையாது, 50, 90, 135 மட்டும்தான். 35-க்கான கோடு எம்2 மாடலில் வந்தது, 28-க்கானது எம்4-பி-யில்.

கே (போர்ட் லூயிஸ்): வோய்க்லாண்டர் நோக்டன் கிளாசிக் 35 எஃப் 1.4 வாங்கினேன். 1.4-ல் கண் கூர்மை. 2.8-ல் காதுதான் கூர்மை. கேமராவை ரிப்பேருக்குக் கொடுக்கவா?

ப: கொடுக்காதீர்கள்! கேமராவில் குறையில்லை. லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஓரக் கதிர் அடைபட்டு, ஃபோகஸ் பின்னால் நகர்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் அதற்கு இது தெரியாது. 1.4-ல் எடுங்கள், இல்லாவிட்டால் 5.6-க்குப் போய்விடுங்கள், அங்கே ஆழமே அந்த நகர்வை மூடிவிடும்.

கே (மாயேபூர்): ஃபோகஸ் நகர்வு டிஜிட்டல்காரர்கள் கிளப்பிய கதை. ஃபிலிமில் நான் பார்த்ததே இல்லை.

ப: ஐயா, நகர்வு லென்ஸின் கண்ணாடியில் நடக்கிறது. பின்னால் இருப்பது ஃபிலிமா சென்சாரா என்று லென்ஸுக்குத் தெரியாது. சின்ன பிரிண்டில் கண்ணுக்குப் படாது என்பது மட்டும் உண்மை. அளவு நாடாவைச் சாய்வாக வைத்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஒரு மீட்டரில் 1.4, 2, 2.8, 4 என்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கே (மீண்டும் மாயேபூர்): நல்ல லென்ஸில் அது இருக்காது என்கிறேன்.

ப: லைக்காவின் 35 எஃப் 1.4 சம்மிலக்ஸ் 1990-களில் ஆஸ்ஃபெரிக்கலாக (கோள வளைவு இல்லாத கண்ணாடியோடு) வந்த பிறகும் இதே புகார் இருந்தது. 2010-ல் உள்ளே ஒரு பகுதியைத் தனியாக நகரும்படி மாற்றித்தான் குறைத்தார்கள். கதையென்றால் எதற்காக மாற்ற வேண்டும்? சோதித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கே (கியூர்ப்பீப்): 35 எஃப் 1.4 நல்லதா, 28 எஃப் 2 நல்லதா?

ப: முதல் பதில். நீங்கள் கியூர்ப்பீப் என்பதால் வேறொன்று சொல்கிறேன். அந்த மழையிலும் ஈரத்திலும் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அது கோட்டிங்கைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் திரும்பாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள்.

கே (போ பாசின்): சோனி கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாமா?

ப: மாட்டலாம். வைட் லென்ஸ் என்றால் ஓரம் இழுபடும், சென்சார் மேலுள்ள கண்ணாடி தடிமன்.

கே (வாகுவா): பழைய லென்ஸ் ஒன்று வருகிறது. என்ன பார்க்கணும்?

ப: டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள்.

கே (ரோஸ் பெல்): 28-ஆ 35-ஆ, ஒரே வார்த்தையில்?

ப: கண்ணாடி போடாவிட்டால் 28. மறுபடி கேட்காதீர்கள்.

கே (த்ரியோலே): தீமிதிக்கு நோக்டன் 21 எஃப் 1.4?

ப: வேண்டாம். எம் ஃபைண்டரில் 21-க்குக் கோடு இல்லை. ஒரு ஃபைண்டரில் ஃபோகஸ், மேலே மாட்டும் இன்னொன்றில் பிரேம் என்று கண் மாற்றுவதற்குள் அவர் குழியைத் தாண்டிவிடுவார். குழிக்கு அருகில் உங்களை விடவும் மாட்டார்கள். தூரத்திலிருந்து 21-ல் ஆள் பொடியாக விழுவார். அங்கே 50 கொண்டு போங்கள்.